சிவப்பு ஏறிய பத்தாவது நிமிடம்

தூக்க நிபுணர் திரையிலிருந்த வண்ணப்படத்தைக் குச்சியால் தட்டினார்.

"இடமிருந்து வலமா நேரம் ஓடுது. மேலே வேகமான மூளை அலை, கீழே மெதுவான அலை. பத்தாவது நிமிஷத்துல மேலே மங்கி, கீழே சிவப்பு ஏறுது பாருங்க. அருமையான தூக்கம்! நாளைக்கே பஸ் ஓட்டலாம்."

ஓட்டுநர் குழம்பினார். "நான் கண்ணே மூடலையே, டாக்டர்?"

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. என் இருபது வருஷ அனுபவம் பொய்யா?"

பக்கத்திலிருந்த ஓட்டுநரின் மனைவி அவர் விலாவில் இடித்தாள். "மூணு மாசமா வேலையில்லாம உட்கார்ந்தது போதும். பேசாம கையெழுத்தை வாங்குங்க."

நிபுணர் தகுதிச் சான்றிதழில் பேனாவை வைத்தார்.

டெக்னீஷியன் தொண்டையைக் கனைத்தார். "சார், ராத்திரி எடுத்த படம் அடுத்தது. இது மதியம், தூங்கக்கூடாதுன்னு சொல்லி, கையில பொம்மை ஸ்டியரிங்கைக் குடுத்து எடுத்தது."

"எனக்கு அப்பவே சந்தேகம்" என்றபடி நிபுணர் பேனாவை மூடினார்.