ஒப்பீட்டுக்கு ஒரு குழாய் ரத்தம்

"ராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை சிஸ்டர். சீக்கிரம் ரத்தத்தை எடுத்து விட்டுடுங்க. பசி வந்தா இவர் குழந்தை மாதிரி அழுவார்" என்றாள் மனைவி.

பக்கத்து நாற்காலியில் கணவர், சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, அசட்டுச் சிரிப்புடன் உட்கார்ந்திருந்தார்.

மறதி நோய் வந்த முதியவர்களின் ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, உள்ளே புகையும் அழற்சி எல்லாம் எப்படி ஏறுகின்றன என்று அந்த மருத்துவமனை ஆராய்ந்துகொண்டிருந்தது. நோயாளியிடம் ஒரு குழாய் ரத்தம். ஒப்பீட்டுக்கு, அதே வீட்டில் அதே சாப்பாடு சாப்பிடும் துணையிடம் ஒரு குழாய்.

நர்ஸ் கணவரிடம் குனிந்தாள். "ஐயா, இது என்ன மாசம்?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "வந்து... வாய்ல இருக்கு..."

"இருந்தா துப்புங்களேன்!" என்றாள் மனைவி.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "சரி, நீங்க சொல்லுங்கம்மா."

"நல்லா இருக்கே! வைத்தியம் அவருக்கு, பரீட்சை எனக்கா?"

"இவரை வச்சுச் சமாளிக்கிறது கஷ்டம்தான், இல்லம்மா?"

"கஷ்டம்னு யார்கிட்ட இறக்கி வைக்க? பிள்ளையா, குட்டியா? ரெண்டு பேர்ல ஒருத்தராவது தெளிவா இருக்கிற வரைக்கும்தான் அது வீடு. அதுவும் போச்சுன்னா அவர் ஒரு காப்பகம், நான் ஒரு காப்பகம்." அவருடைய பொத்தான்களைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள். "பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கியது.

மறுவாரம் முடிவு கேட்க வந்தார்கள். டாக்டர் இருவரையும் பார்த்து ஒரு கணம் தயங்கினார். பிறகு கணவரை மட்டும் உள்ளே அழைத்தார்.

"அவருக்கு என்ன டாக்டர் புரியும்?" என்று மனைவி கத்தியது, மூடிய கதவுக்கு வெளியிலிருந்து கேட்டது.

உள்ளே வந்ததும் அவர் முகத்திலிருந்து அசட்டுச் சிரிப்பு உதிர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க டாக்டர். அவளுக்கு எப்படி இருக்கு?"

"சர்க்கரை, அழற்சி ரெண்டுமே போன தடவையைவிட ஏறியிருக்கு. மறதியும் முத்திக்கிட்டே போகுது."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "தனக்கு நோய்னு சொன்னா அவ படியிறங்க மாட்டா. எனக்குன்னா ஓடி வருவா. அதுக்குத்தான் இந்த வேஷம். பரவாயில்ல டாக்டர், நான் தெளிவா இருக்கேன். கடைசி வரைக்கும் நான் பார்த்துப்பேன்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒப்பீட்டுக்கு எடுத்த உங்க ரத்தமும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கு. அதை மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ண முடியாதுங்க. ஆனா..."

"ஆனா?"

"நேத்தும் நீங்க வந்து, இதே நாற்காலியில உட்கார்ந்து, இதையெல்லாம் கேட்டுட்டு, இதே பதிலைத்தான் சொல்லிட்டுப் போனீங்க, ஐயா."