அடுத்த கப்பல்

2024ஆம் ஆண்டு மே மாதம் இருபதாம் நாள், திங்கட்கிழமை. காலை முதல் விடாத மழை.

தீவிலுள்ள டெலானிபூரில் கல்லூரிச் சேர்க்கை ஆலோசனை வழங்கும் சிவப்பிரகாசம், தம்பையா நீட்டிய பெயரில்லாத மதிப்பெண் குறிப்பை ஆராய்ந்தார். சென்னையின் புகழ்மிக்க கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணியே கடைசி. தம்பையாவின் மகள் தமிழரசியோ, தனக்கு இடம் கிடைக்காது என அஞ்சித் தயங்கி நின்றாள்.

“இங்கிலீஷ் அம்பத்திரெண்டு, கணக்கு அறுபது. இதுக்கு அந்தக் காலேஜா?”

“கொஞ்சம்கூட சான்ஸ் இல்லீங்களா, சார்?”

“பில்குல் இல்ல. கிடைச்சாலும் மெயின்லேண்டுல தாக்குப்பிடிக்க முடியாது. அடுத்த கப்பல்லயே அழுதுக்கிட்டு திரும்ப வேண்டியதுதான்.”

தம்பையா சுவரை நோக்கினார். அதே கல்லூரி சிவப்பிரகாசத்துக்கு வழங்கிய தங்கப் பதக்கம் அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் மின்னியது.

“நீங்க அழுதுக்கிட்டு திரும்பலியே, சார்?”

“நானா?”

“இது உங்க பிளஸ் டூ மார்க்கு, சார். நீங்க படிச்ச ஸ்கூல்லதான் நான் கிளார்க். பழைய ரிஜிஸ்டர்ல பார்த்து எழுதினேன். பாப்பாவோடது இந்தாங்க.”

தமிழரசி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய மதிப்பெண்கள் ஒவ்வொரு பாடத்திலும் அவரை முந்தியிருந்தன.

சிவப்பிரகாசம் கணினியைத் தம் பக்கம் இழுத்தார். விண்ணப்பத்தில் பரிந்துரைக்கென இருந்த கட்டத்தில், ‘இம்மாணவி அடுத்த கப்பலில் திரும்பமாட்டாள்’ என எழுதி அனுப்பினார்.

அப்போது மாலை மணி நான்கு ஐம்பத்தெட்டு.