பால் பல்

பேபியின் கன்னம் விடிந்ததும் வீங்கிவிட்டது, கண்ணுங்களா. வலியில் அவளால் கஞ்சிகூடக் குடிக்க முடியவில்லை. அவள் அம்மா குப்பம்மா, வாயில் எப்போதும் இருக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டு, பிள்ளையோடு பூந்தமல்லிக்கு ஜட்கா ஏறினாள்.

"இந்த வலி எனுக்கு வரக் கூடாதாடி" என்று வழியெல்லாம் புலம்பினாள். ஏரிக் காற்றில் பேபி மடியிலேயே தூங்கிப்போனாள்.

பல் டாக்டரின் எதிரில் உட்கார்ந்தபோது குப்பம்மாவின் கன்னம்தான் வீங்கியிருந்தது. டாக்டர் அவள் பல்லைப் பிடுங்கிப் பஞ்சில் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா, இந்த வயசுல பால் பல்லா?"

"எம் பொண்ணோடதுங்க."

பேபி கண் விழித்தாள். வீக்கமும் இல்லை, வலித்த பல்லும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தார்கள். அடுத்த மாதம் பேபிக்குப் புதுப் பல் முளைத்தது. அதில் வெற்றிலைக் கறை இருந்தது.