சத்தத்துக்குத் தனி ஹெட்

“தலையிலதான் அழுக்கு. தலை போற காரியம் ஒண்ணும் இல்ல” என்றார் மெக்கானிக், திறந்து கிடந்த வீடியோ டெக்கிலிருந்து நிமிராமலே.

“எனக்குத் தலை போற காரியம்தான் சார்” என்றாள் அந்தப் பெண். காலையிலிருந்து அவள் ஏறிய ஒன்பதாவது கடை இது. மற்ற எட்டிலும் ‘டெக்கா? இன்னுமா?’ என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள்.

தெருவில் அவருக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் எட்டாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. ஊரில் உள்ள டெக்குகளின் ஹெட்டையெல்லாம் துடைத்துத் துடைத்து வாங்கிய பட்டம் அது.

மெல்லிய தோல் சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, பளபளத்த உருளையின்மேல் லேசாக வைத்தார். குச்சியை ஆட்டாமல் உருளையை மட்டும் விரலால் சுற்றினார். டேப்பிலிருந்து படத்தை எடுப்பவை, கடுகைவிடச் சின்னதாக இரண்டு ஹெட், அதன் விளிம்பில் இருக்கின்றன. குச்சி மேலும் கீழும் போனால் ஹெட் ஒடிந்துவிடும்.

“கேசட்டுல என்னம்மா இருக்கு?”

“எங்க அம்மா. எனக்கு மூணு வயசா இருக்கும்போது போயிட்டாங்க. போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, எனக்காகன்னு மாமா எடுத்து வச்சது. மாமா வீட்டைக் காலி பண்ணும்போது போன வாரம்தான் கிடைச்சுது.” அவள் கேசட்டை அவரிடம் நீட்டினாள். “எனக்கு என்ன சொல்லியிருக்காங்கன்னு பார்க்கணும் சார். வேற எதுவும் வேண்டாம்.”

ஹெட்மாஸ்டர் கேசட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே சில நிமிடம் ஓடும் அளவுக்குத்தான் டேப், அது முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். தொட்டால் பிசுபிசுத்தது.

“ஒரு தடவைதாம்மா ஓடும். ஓடும்போதே கம்ப்யூட்டர்ல பதிஞ்சு குடுத்துடறேன்.”

“அப்பா கீழ கார்ல இருக்கார். முழங்கால் வலி, படியேற நேரமாகும். கூட்டிட்டு வந்துடறேன், அப்புறம் போடுங்க.”

அவள் இறங்கிப் போனாள். பாவி மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். துடைத்த ஹெட் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கக் கை அரித்தது. வயதான மனிதர் அத்தனை படி ஏறி வந்து படம் வராமல் போனால் மானம் போய்விடுமே, முதல் பத்து விநாடி மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று கேசட்டை உள்ளே தள்ளினார்.

படம் வந்தது. கட்டிலில் தலையணையில் சாய்ந்து ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமான உடம்பு, கண்ணில் மட்டும் சிரிப்பு. ஹெட்மாஸ்டர் தானும் சிரித்தார். அதற்குள் திரை முழுக்கப் புள்ளியாய்ப் பொரிந்து அவள் மறைந்து போனாள்.

உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தார். பூஞ்சணம் ஹெட்டை அடைத்துவிட்டது. டேப் உருளையில் ஒட்டி ஒட்டி நகர்ந்தது. நகர்ந்த இடமெல்லாம் பழுப்புத் தூளாக உரிந்து கொட்டியது.

நிறுத்தும் பொத்தான்மேல் விரலை வைத்தவருக்கு அழுத்தத் துணிவு வரவில்லை. நிறுத்தினால் ஒட்டிய இடத்தில் டேப் அறுந்துவிடும். அறுந்ததை ஒட்டி, ஹெட்டைத் துடைத்து மறுபடி ஓட்டினால் மீதிப் படம் கிடைத்துவிடும். ஆனால் ஒட்டுப் போட்ட இடத்தில் நாலு வார்த்தை போய்விடும். பெற்றவள் பிள்ளைக்குச் சொன்ன கடைசிப் பேச்சில் எந்த நாலு வார்த்தையை வேண்டாம் என்பது?

நிறுத்தாமல் ஓடவிட்டால் படம் வராது. சத்தம் முழுசாக வரும். சத்தம் டேப்பின் ஓரத்தில் தனிக் கோடாக இருக்கிறது, அதற்கு வேறு ஹெட். அது சுற்றாமல் நிற்பது, இத்தனை அழுக்குக்கெல்லாம் அசைந்து கொடுக்காது.

ஹெட்மாஸ்டர் விரலை எடுத்துவிட்டார். முகத்தை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், வீட்டில் ஒரு போட்டோவாவது இருக்கும். பேச்சுக்கு எங்கே போவது?

கம்ப்யூட்டரில் பதிவைத் தட்டிவிட்டு, சத்தத்தைக் கூட்டி, ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டார். மின்விசிறி சுற்றியது. கட்டில் முனகியது. பக்கத்தில் யாரோ ஓர் ஆண் மூக்கை உறிஞ்சினார். கண்ணாடி வளையல்கள் விடாமல் கலகலத்துக்கொண்டே இருந்தன. அத்தனையும் நேற்றுப் பதிந்ததுபோல் துல்லியம்.

பேச்சு மட்டும் வரவில்லை.

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். “ஒரு வார்த்தை சொல்லும்மா, உன் பொண்ணு வந்துக்கிட்டிருக்கா” என்று பெட்டியைப் பார்த்துக் கெஞ்சினார். மூன்றாவது நிமிடம் அந்த ஆண் அடக்கமாட்டாமல் அழுதார். வளையல் ஓய்ந்தது. டேப் முடிந்து தானாக நின்றது.

கேசட்டை வெளியே எடுத்தார். உரிந்துபோன டேப்பில் கண்ணாடித்தாள்போல் அந்தப் பக்கம் தெரிந்தது. இனி அதை எந்தக் கொம்பனாலும் ஓட்ட முடியாது.

படிக்கட்டில் காலடி கேட்டது. அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். அப்பாவுக்கு நாற்காலியை இழுத்து டிவிக்கு எதிரே போட்டாள்.

ஹெட்மாஸ்டர் எழுந்து நின்றார். “என்னை மன்னிச்சிடும்மா. சும்மா பார்க்கலாம்னு போட்டுட்டேன். படம் போச்சு, டேப்பும் போச்சு. பேச்சாவது மிஞ்சட்டும்னு சத்தத்தை மட்டும் ஒண்ணு விடாம பிடிச்சு வச்சிருக்கேன்.” கேசட்டை அவளிடம் நீட்டினார். “ஆனா அம்மா வாயே திறக்கலம்மா.”

அவள் திரையில் பொரிந்துகொண்டிருந்த புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“அம்மா கையாலதான் சார் பேசுவாங்க.”