தண்டலோடு விற்ற கார்

"டிரைவரையும் சேத்து எடுத்தாத்தான் கையெழுத்து, அண்ணாச்சி. இல்லேன்னா காரு இங்கனயே நிக்கட்டும்."

இனிகோ பர்னாந்து பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார்.

ஏரலிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்த கருப்பட்டி வியாபாரி பிச்சையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆர்.சி. புஸ்தகம், வரி கட்டிய ரசீது, இன்ஷூரன்ஸ் எல்லாம் பார்த்தாயிற்று. உலகச் சண்டை முடிந்தும் ரேஷன் முடியாததால் பெட்ரோல் கூப்பனைக்கூட விடாமல் கேட்டு வாங்கிவிட்டார். பேர் மாற்றும் மனுவில் தன் கையெழுத்தையும் போட்டுவிட்டார். இனிகோவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வாசலில் கறுப்புக் கார் மாப்பிள்ளை கணக்காக மினுங்கிக்கொண்டு நின்றது.

"என்ன மொதலாளி, கடைசில வந்து புதுசா சொல்லுதிய? நான் காரு வாங்கல்லா வந்தேன்!"

"எங்க கடக்கரையில தோணியை வித்தா, ஓட்டுத தண்டலும் கூடவே போவான். புது ஆளு கையில தோணி முரண்டு பண்ணும். காருக்கும் அதே வழக்கம்தான்."

"அப்பம் பாய்மரத்தையும் குடுத்துவிடுங்க!"

உள்ளேயிருந்து இனிகோவின் மனைவி கிளாடிஸ் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"என் மச்சான் மவன் சிவனாண்டி பட்டாளத்துல லாரி ஓட்டுனவன். அவன் ஓட்டுவான்" என்றார் பிச்சையா.

"லாரி ஓட்டுனவன் கையிலயா? ரெண்டாவது கியர்ல இது லேசா முனகும் அண்ணாச்சி. அப்பம் பதமாப் போகணும். அவன் போட்டு மிதிச்சிருவான்." இனிகோவுக்குச் சொல்லும்போதே வலித்தது. "அதோட, டிரைவருக்கு வேற பிழைப்பு கெடையாது. பிள்ளகுட்டிக்காரன். என் தோணி முங்குனதுக்கு அவன் குடும்பமும் பட்டினி கெடக்கணுமா?"

பிச்சையாவுக்கு மனசு கேட்கவில்லை. அந்தத் தோணியில்தான் அவருடைய கருப்பட்டி கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சிப்பம் குறைந்ததில்லை. போன ஐப்பசிப் புயலில் தோணியும் போய், இப்போது காரும் போகிற நேரத்தில், இந்த மனிதர் ஒரு டிரைவருக்காக மல்லுக்கு நிற்கிறாரே!

"ஆளு எப்படி? குடிப்பானா?"

"சொட்டு தொடமாட்டான். ஞாயித்துக்கெழம பூசைக்கு மட்டும் விட்டுறணும்."

"கோவம் மட்டும் மூக்குமேல வரும் அண்ணாச்சி!" கிளாடிஸ் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "ரெண்டு அதட்டு போட்டா அடங்கிருவான்."

"ஏளா, நீ சும்மா கெட!" என்றார் இனிகோ.

பிச்சையா யோசித்தார். "சரி, வச்சுக்கிடுதேன். ஆனா ஒண்ணு. எங்கிட்ட சம்பளத்துக்கு வந்தா, தப்பு பண்ணுனா ஏசத்தான் செய்வேன். ஏலேன்னுதான் கூப்பிடுவேன். பெறவு நீங்க வருத்தப்படக் கூடாது."

"தாராளமாக் கூப்பிடுங்க." இனிகோவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வருத்தப்பட மாட்டேன்."

பேனாவைத் திறந்து ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார். பிச்சையா காகிதங்களை மஞ்சள் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். காரைச் சுற்றி வந்து முன்விளக்கை ஆசையாகத் தடவினார்.

"பொழுதடைய ஊருக்குப் போயிரணும் மொதலாளி. ஆளைச் சட்டுன்னு வரச்சொல்லுங்க!" என்று வீட்டைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார்.

"இந்தா வாரேன்!"

கிளாடிஸ் தேய்த்து வைத்திருந்த காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே படியிறங்கி வந்த இனிகோ பர்னாந்து, காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஏறுங்க, மொதலாளி."