யார் உள்ளே விட்டது?

சாயங்காலம் கதவைத் திறந்த குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு, வாசலில் உண்டியலோடு நின்ற, புடவை கட்டிய பெண்ணைக் கண்டதும் சுருக்கென்று கோபம் வந்தது.

"யாரும்மா நீ? வீடு வீடா வசூல் பண்ண யார்கிட்ட அனுமதி வாங்கின?"

"மாடிப்படி கழுவும்போது வழுக்கி விழுந்தாங்களே துப்புரவு அக்கா, அவங்க ஆபரேஷனுக்கு சார். அனுமதி நேத்தே உங்ககிட்ட கேட்டேன். 'பார்க்கலாம்'னு காரை எடுத்துட்டுப் போயிட்டீங்க."

"என்கிட்டயா? உன் மூஞ்சியையே இன்னைக்குத்தான் பார்க்கிறேன். வாய் கூசாம புளுகாதே. முதல்ல கீழே இறங்கு!"

"அக்கா விழுந்தது உங்க படியில சார். எல்லா வீட்டுக் கதவையும் தட்டாம இறங்க மாட்டேன்."

"திமிரைப் பாரு! எந்த மகராசன் உன்னை உள்ளே விட்டான்? அவன் சீட்டை இன்னைக்கே கிழிக்கிறேன்."

விறுவிறுவென்று போய் இண்டர்காமை எடுத்தார். "பகல்ல கேட்ல நின்னது யாருய்யா? அந்த ஆளை உடனே மேல அனுப்பு!"

"அவங்க டூட்டி முடிச்சு மேலதானே சார் வந்திருக்காங்க? உண்டியலோட" என்றான் கேட்டில் இருந்தவன்.

செயலாளர் மெல்லத் திரும்பினார். அவள் பையிலிருந்து நீலத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். தொப்பியை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. மூன்று வருஷமாக அவர் காருக்குக் கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் வைக்கும் தொப்பி.

"சீட்டை அப்புறம் நிதானமாக் கிழிக்கலாம் சார்" என்றவள், உண்டியலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "முதல்ல இதுல போடுங்க."