அப்பா நின்ற பாலைவனம்

“அம்மா, அப்பாவைச் சுத்தி ஒரே மணல். ஜீப் எங்கை? ஒட்டகம் எங்கை?”

ஹரிஷா கைத்தொலைபேசியை அம்மா நிரஞ்சினியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அந்தி வெளிச்சத்தில் பெரிய மணல்மேடு. அதன் உச்சியில் மதிவதனன், தலையைச் சுற்றிச் சால்வை கட்டிக்கொண்டு, மகளுக்குக் கை காட்டினான். பின்னால் ‘ஓ’வென்று ஒரே இரைச்சல்.

“என்னம்மா சத்தம்?”

“காத்து, பிள்ளை. வேறென்ன?”

“அப்பாவின்ரை மீசை எங்கை?”

“வெக்கைக்கு வழிச்சுப்போட்டாராம். போய் வீட்டுப்பாடத்தைச் செய்.”

அந்தக் காணொளி வந்தபோது இங்கே மத்தியானம், அங்கே அந்தி. இப்போது சுவிஸின் ஷ்லீரனிலும் இருட்டிவிட்டது. அதற்குப் பிறகு மனுசனிடமிருந்து ஒரு சத்தமில்லை. நிரஞ்சினி அழைத்து அழைத்துப் பார்த்து விரல் ஓய்ந்துவிட்டாள்.

எங்கள் ஆட்களுக்குச் சுவிஸ் கொடுத்த அகதி உரிமையில் ஒரு பொல்லாத நிபந்தனை. உலகமெல்லாம் சுற்றலாம், ஊர் மண்ணில் கால் வைத்தால் எல்லாம் பறிபோய்விடும். அதனால் வெயில் காய ஆசைப்படுகிறவர்கள் துபாய், ஸ்பெயின் என்று கிளம்பிவிடுவார்கள். மதிவதனனும் அவசரமாக லீவு போட்டுவிட்டுத் துபாய்க்கு விமானம் ஏறினான். அப்பா பாலைவனத்தில் ஜீப் ஓடப்போகிறார் என்று ஹரிஷா வகுப்பு முழுக்கப் பறையடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து நிரஞ்சினி மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். போனவர் முழுசாக வீடு வந்து சேர வேண்டும். வராவிட்டால் இந்த வீடு, இந்தப் பிள்ளையின் படிப்பு எல்லாம் என்ன கதி?

அழைப்புமணி அடித்தது. அவள் திடுக்கிட்டு எழுந்தாள்.

மேல்மாடிச் சந்திரமதி அக்கா. நாளைக்கு உடுப்புத் தோய்க்கும் முறை அவருடையது. நிலவறைச் சலவை அறையின் திறப்பை வாங்க வந்திருந்தார். நல்ல மனுசிதான். ஆனால் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர். வாயைத் திறக்க முதலே பொய்யை மோப்பம் பிடித்துவிடுவார் என்று அந்தக் கட்டடத்தில் பேச்சு.

“இந்தா பிள்ளை, திரிம்பாக் கோயிலுக்குப் போனனான். விபூதி.”

“கை ஈரம் அக்கா. அந்த மேசையிலை வையுங்கோ.”

சந்திரமதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். திறப்பைக் கொடுத்து அனுப்பிவிட நிரஞ்சினி அவசரப்பட்டாள். ஹரிஷா விட்டால்தானே!

“அன்ரி, அப்பா பாலைவனத்திலை நிக்கிறார், பாருங்கோ!”

“சும்மா இரடி, அன்ரிக்கு ஆயிரம் வேலை.”

“காட்டட்டும், காட்டட்டும். குழந்தை ஆசைப்படுது.”

சந்திரமதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “இன்னொருக்காப் போடு,” என்றார். இந்த முறை படத்தைப் பார்க்கவில்லை. தொலைபேசியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நிரஞ்சினி கதிரையின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஹரிஷா, அன்ரிக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டுவாறியோ?”

பிள்ளை குசினிக்குள் ஓடினாள்.

“காத்துப் பலமோ, நிரஞ்சினி?”

“ஓம் அக்கா. பாலைவனமெல்லோ, மண்ணை அள்ளி அடிக்குதாம்.”

“நான் குடத்தனையிலை பிறந்தனான், பிள்ளை. எங்கட ஊர் மணற்காட்டுக் கடல் இரையிறது எனக்குத் தெரியாதோ?”

முடிந்தது, எல்லாம் முடிந்தது. விசாரணை அறையும், எதிரே கடிதத்தோடு இருக்கும் அதிகாரியும், பெட்டி படுக்கையோடு ஹரிஷாவும் கண்முன் வந்தார்கள். நிரஞ்சினி கும்பிடக் கையைத் தூக்கினாள்.

சந்திரமதி தொலைபேசியில் இருந்த காணொளியை அழித்தார். மேசையில் வைத்த விபூதியைத் திரும்ப எடுத்துக் கைப்பைக்குள் போட்டார். நிரஞ்சினியைக் கதிரையில் இருத்தி, அவளுடைய இரண்டு கைகளையும் பொத்திப் பிடித்துக்கொண்டு, குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

“தாய்க்குக் கொள்ளி வைக்க நேரத்துக்குப் போய்ச் சேந்தவரோ?”